ராச்டேல் நெசவாளர்களின் கடை வென்றது, ஆலை ஏன் தோற்றது?

கூட்டுறவு பற்றிய எந்தப் பாடநூலைத் திறந்தாலும் 28 நெசவாளர்களில்தான் தொடங்கும். இங்கிலாந்தின் வடமேற்கில், மான்செஸ்டருக்கு 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ராச்டேல் என்ற ஆலை நகரில், 1844 ஆம் ஆண்டு, ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு அவர்கள் ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் அதிலிருந்து கிளைத்தது. இந்தக் கதை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பாடநூல்கள் இதன் பின்பாதியைச் சொல்வதில்லை. கடை திறந்த அதே ஆட்கள் பத்து ஆண்டுகள் கழித்து ஒரு பஞ்சாலையும் தொடங்கினார்கள். கடை தழைத்தது. ஆலை, தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குள் மற்ற முதலாளிகளின் ஆலைகளைப் போலவே ஆகிவிட்டது. ஒரே ஊர், ஒரே ஆட்கள், ஒரே கொள்கை. விளைவு மட்டும் ஏன் இப்படிப் பிரிந்தது?

முதலில் ஊர். ராச்டேல், பென்னைன் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் ரோச் ஆற்றங்கரையில் இருக்கிறது. சுற்றிலும் உழவுக்கு உதவாத மேட்டுநிலம், ஆடு மேய்க்கலாம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் நீர் மென்மையானது, கம்பளி அலசுவதற்கு உகந்தது. ஆகவே ஆலைகள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது நெசவு ஊர். வீட்டின் மாடியில் தறி, வெளிச்சம் வேண்டி வரிசையாக நீண்ட சன்னல்கள், கீழே குடும்பம். ஃபிளானல் எனப்படும் மெல்லிய கம்பளித் துணிக்கு ராச்டேல் பெயர் பெற்றிருந்தது. 1804 இல் ராச்டேல் கால்வாய் பென்னைன் மலையைக் கடந்தது. நிலக்கரியும் பருத்தியும் படகில் வந்து இறங்கின. 1841 இல் மான்செஸ்டரையும் லீட்ஸையும் இணைத்த ரயில் பாதை இந்த ஊர் வழியாக முழுமை பெற்றது. கம்பளியோடு பருத்தியும் சேர்ந்துகொள்ள, ஊரெங்கும் புகைபோக்கிகள் முளைத்தன.

விசைத்தறி முதலில் பருத்தி நெசவைப் பிடித்தது. ஃபிளானல் கைத்தறிக்காரர்கள் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தார்கள், ஆனால் கூலி ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. 1841 இல் ராச்டேலின் நாடாளுமன்ற உறுப்பினர் ஷார்மன் கிராஃபர்டு மக்களவையில் ஒரு பட்டியல் படித்தார். தன் தொகுதியில் 136 பேர் வாரத்துக்கு 6 பென்ஸில் (அன்று 240 பென்ஸ் ஒரு பவுண்டு) பிழைக்கிறார்கள், 200 பேர் 10 பென்ஸில் பிழைக்கிறார்கள் என்றார். 85 குடும்பங்களில் ஒரு போர்வைகூட இல்லை. 46 குடும்பங்கள் பதர் பரப்பிய படுக்கையில் மேலே போர்த்த எதுவுமின்றிப் படுக்கின்றன. கம்பளித் துணி நெய்யும் ஊரின் நிலவரம் இது.

இந்த வறுமையோடு கடைக்காரரின் கணக்குப் புத்தகமும் சேர்ந்துகொண்டது. கூலி போதாத வாரங்களில் மளிகை கடனுக்கு வாங்கியாக வேண்டும். கடன்பட்டவர் வேறு கடைக்குப் போக முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மாவில் சுண்ணாம்புத் தூள் இருக்கும், ஒருமுறை கொதித்த தேயிலை உலர்ந்து மறுபடி விற்பனைக்கு வரும், தராசும் கொஞ்சம் சாயும். கூலியைப் பணமாகவே தர வேண்டும் என்று 1831 இல் சட்டம் வந்த பிறகும், முதலாளியின் சொந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற நெருக்கடி பல ஊர்களில் ஓயவில்லை. நெசவாளருக்கு இருமுறை அடி விழுந்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்: தறியில் ஒன்று, கடையில் ஒன்று.

தறியில் விழுந்த அடியைத் தடுக்கத்தான் அவர்கள் முதலில் முயன்றார்கள். 1808 வேலைநிறுத்தத்தில் யாரும் நெய்துவிடக் கூடாது என்று வீடு வீடாகப் போய்த் தறியின் நாடாக்களைப் பறித்துச் சேர்த்தார்கள். அவை பூட்டி வைக்கப்பட்ட சிறைச்சாலையே தீக்கிரையானது. 1842 இல் கொதிகலன்களின் அடைப்பான்களைப் பிடுங்கி நீராவியை வெளியேற்றி ஆலைகளை நிறுத்திய கிளர்ச்சி, ராச்டேல் அடங்கிய லங்காஷயர் மாவட்டம் முழுவதும் பரவியபோது ராச்டேலும் அதில் இருந்தது. சாசன இயக்கத்தார் வாக்குரிமை கேட்டார்கள். 1840களின் தொடக்கத்தில் ஃபிளானல் நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடி, அதிலும் தோற்றார்கள். தோற்றவர்கள் கூடிப் பேசியபோது எழுந்த யோசனைதான் கடை. ஆலையில் எதுவும் நடக்கவில்லை, அடுப்படிப் பக்கமாவது எதையாவது செய்வோம் என்ற நிலை. கொள்கை விளக்கங்களில் இந்த மனநிலை தெரிவதில்லை. அங்கே எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டதுபோல இருக்கும்.

உண்மையில் முதல் முயற்சிகூட அதுவல்ல. பின்னர் இவர்கள் கடை வைத்த அதே டோட் லேன் தெருவில் 1833 இல் ஒரு கூட்டுறவுக் கடை திறந்து, கடனுக்கு விற்று, இரண்டே ஆண்டில் மூடப்பட்டிருந்தது. அந்தத் தோல்வியை உள்ளிருந்து பார்த்த சார்லஸ் ஹோவர்த் போன்றவர்கள் புதிய சங்கத்திலும் இருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு பென்ஸ், மூன்று பென்ஸ் என்று மாதக்கணக்கில் வசூலித்து 28 பவுண்டு சேர்த்தார்கள். 1844 அக்டோபர் 24 இல் சங்கம் பதிவானது. ஆண்டுக்குப் பத்து பவுண்டு வாடகைக்கு 31, டோட் லேன் கிடங்கின் கீழ்த்தளம் கிடைத்தது.

டிசம்பர் 21 மாலை. ஆண்டிலேயே நீளமான இரவுகளில் ஒன்று. எரிவாயு நிறுவனம் விளக்குக்கு இணைப்பு தர மறுத்துவிட்டதால் மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். சரக்கு மொத்தமும் இவ்வளவு: 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, ஆறு ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஏறக்குறைய 300 கிலோ, மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவர்த்தி. மதிப்பு 16 பவுண்டு 11 ஷில்லிங் 11 பென்ஸ். சன்னல் கதவை யார் முதலில் திறப்பது என்று உள்ளே இருந்தவர்கள் தயங்கினார்கள். வெளியே ஆலைப் பையன்கள் கூடிநின்று கிழட்டு நெசவாளர்களின் கடை திறந்தாயிற்று என்று கேலி செய்தார்கள். கடை வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் திறந்திருந்தது.

அந்த 28 பேரும் பட்டினி கிடந்த நெசவாளர்கள் என்பது பின்னால் ஏறிய வண்ணம். அவர்களில் நெசவாளர்கள் பத்துப் பேர் அளவுக்குத்தான் இருப்பார்கள். மற்றவர்கள் கம்பளி தரம் பிரிப்பவர், செருப்புத் தைப்பவர், தச்சர், பாவு ஓட்டுபவர் என்று பல தொழில் செய்தவர்கள். பலர், கூடி உழைத்துக் கூடி வாழும் சமுதாயத்தைக் கனவு கண்ட சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனின் கருத்துகளில் ஊறியவர்கள், சாசன இயக்கத்தில் பழகியவர்கள். வாரக்கூலியில் சில பென்ஸ் ஒதுக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள். இது சின்ன விஷயமில்லை. கடையின் முதல் விதி ரொக்கம். கடன் கிடையவே கிடையாது. ஊரின் மிக ஏழைகள் வாழ்ந்ததே கடனில்தான். ஆகவே கடனில் மூழ்கியவருக்கு இந்தக் கடை உதவவில்லை, கடனிலிருந்து ஓரடி மேலே நின்றவருக்கே உதவியது. இதைச் சொல்லாமல் ராச்டேலைப் போற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் அவர்கள் கண்டுபிடித்த வழிமுறை அசாத்தியமானது. அதற்கு முந்திய கூட்டுறவுக் கடைகள் பலவும் மலிவாக விற்க முயன்றன. அல்லது லாபத்தைப் பங்குக்கு ஏற்பப் பிரித்தன. ராச்டேலில் சரக்கு சந்தை விலைக்கே விற்றது. பக்கத்துக் கடையோடு விலைப் போட்டி இல்லை. காலாண்டு முடிவில், பங்கு முதலுக்கு ஒரு வரம்புக்குட்பட்ட வட்டி கொடுத்த பிறகு மிஞ்சும் லாபம், யார் எவ்வளவு முதல் போட்டார் என்று பாராமல், யார் எவ்வளவுக்குச் சரக்கு வாங்கினாரோ அந்த அளவில் திரும்பியது. ஒரு காலாண்டில் ஐந்து பவுண்டுக்கு வாங்கிய குடும்பத்துக்கு, பவுண்டுக்கு இரண்டு ஷில்லிங் ஈவுத்தொகை என்றால் பத்து ஷில்லிங் வரும். அதைக் கையில் வாங்காமல் சங்கத்திலேயே விட்டால் பங்கு முதலாகச் சேரும். சாப்பிடச் சாப்பிடச் சேமிப்பு ஏறியது. தனியாக ஒரு காசு ஒதுக்க முடியாத குடும்பமும் ஆண்டு முடிவில் சில பவுண்டுகளுக்கு உரிமையாளர் ஆனது.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நயம் உண்டு. கலப்படம் செய்யக் கடைக்குக் காரணமே இல்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே என்னும்போது யாரை ஏமாற்றுவது? ஒருவருக்கு ஒரு வாக்கு, பங்கு எத்தனை இருந்தாலும் சரி. பெண்களுக்கும் அதே உரிமை. மணமான பெண்ணின் சொத்து சட்டப்படி கணவனுடையது என்றிருந்த காலத்தில் இது. பின்னர் லாபத்தில் இரண்டரை விழுக்காடு கல்விக்கு ஒதுக்கப்பட்டு, கடைக்கு மேலே நூலகமும் செய்தித்தாள் படிக்கும் அறையும் வந்தன. 1904 இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் படித்த சிலர் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டதும் இந்த டோட் லேன் கடையைத்தான்.

வளர்ச்சி முதலில் மெதுவாகவே இருந்தது. முதல் ஆண்டு முடிவில் 74 உறுப்பினர்கள், 710 பவுண்டு விற்பனை. உந்தியது ஒரு மோசடி. 1849 இல் ராச்டேல் சேமிப்பு வங்கி திவாலானது; அதை நிர்வகித்து வந்தவர் இறந்த பின்னர்தான் 70,000 பவுண்டுக்கு மேல் காணாமல் போனது தெரிந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்ததை இழந்த தொழிலாளர்கள், மிஞ்சியதை எங்கே வைப்பது என்று பார்த்தார்கள். கணக்குப் புத்தகத்தை எந்த உறுப்பினரும் புரட்டிப் பார்க்கக்கூடிய இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. 1848 இல் 140 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 1850 இல் 600 ஆனது. 1860 இல் 3,450 பேர். ஆண்டு விற்பனை ஒன்றரை லட்சம் பவுண்டு.

1850 இல் அவர்கள் ஒரு மாவு ஆலையும் தொடங்கினார்கள். அதில் ஒரு வேடிக்கை. கலப்படமில்லாத மாவு கொஞ்சம் பழுப்பாக இருந்தது. கலப்பட மாவின் வெண்மைக்கே பழகியிருந்த வாடிக்கையாளர்கள், இது மட்டமான மாவு என்று முகம் சுளித்தார்கள். சங்கம் பொறுத்திருந்தது, மாவின் மீது நம்பிக்கை பிறக்கச் சில ஆண்டுகள் ஆயின.

கடையும் மாவு ஆலையும் நிலைத்த பிறகு, அடுத்த படி இயல்பாகவே பஞ்சாலை. தொடக்கத்திலிருந்தே அவர்கள் குறிக்கோள் கடையோடு நிற்கவில்லை. வீடு கட்டுவது, நிலம் வாங்குவது, வேலையில்லாத உறுப்பினர்களுக்கு வேலை தரும் உற்பத்தி, கடைசியில் தன்னிறைவான ஒரு குடியேற்றம் என்று 1844 இன் விதிமுறைகளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1854 இல் ராச்டேல் கூட்டுறவு உற்பத்திச் சங்கம் பிறந்தது. முதலில் வாடகை இடத்தில் தறிகள். பிறகு ஊரிலேயே மிட்செல் ஹே என்ற இடத்தில் சொந்தமாகப் பெரிய ஆலை. விதி எளியது: முதலுக்கு வட்டி கொடுத்த பிறகு மிஞ்சும் லாபம், முதல் போட்டவர்களுக்கும் உழைத்தவர்களுக்கும் பிரியும். கடையில் வாங்கியதற்கு ஈவு கிடைத்ததுபோல, ஆலையில் வாங்கிய கூலிக்கு ஈவு.

பஞ்சாலைக்கு முதல் அதிகம் வேண்டும். நீராவி எந்திரம், கட்டடம், நூற்கும் எந்திரங்கள் என்று எதுவும் சில பவுண்டுகளில் முடியாது. 1850களின் இறுதியில் பருத்தி வாணிகம் கொழித்தது, லாபம் நன்றாக வந்தது. அதைப் பார்த்து ஊரில் சேமிப்பு வைத்திருந்தவர்கள் பங்கு வாங்கினார்கள். இவர்களும் தொழிலாளர்கள்தான், ஆனால் அந்த ஆலையில் வேலை செய்பவர்கள் அல்லர். கூலிக்கு ஈவு கொடுப்பது அவர்கள் பார்வையில் தங்கள் லாபத்திலிருந்து கழியும் தொகை. சந்தைக் கூலி கொடுத்தாயிற்றே, அதற்கு மேல் எதற்கு என்றார்கள். அந்த ஈவை நிறுத்தக் கோரி 1860 இல் எழுந்த தீர்மானம் தோற்றது. 1862 இல் வென்றது. உழைப்புக்கான ஈவு ஒழிந்தது.

கடையைத் தொடங்கிய பழைய ஆட்களில் பலர் இதைத் துரோகம் என்றே பார்த்தார்கள். எனக்குத் துரோகத்தைவிட அமைப்பின் கோளாறே முதன்மையாகப் படுகிறது. கடையில் புதிய உறுப்பினர் வந்தால் அவர் புதிய வாடிக்கையாளரும் ஆவார். ஆள் கூடக்கூட எல்லோருடைய நலனும் ஒரே திசையில் இழுத்தது. ஆலையில் புதிய பங்குதாரர் வந்தால் அவர் தொழிலாளியும் ஆவதில்லை. வளர்ச்சி ஒவ்வொன்றும் தறியில் நிற்பவரின் வாக்கைச் சிறுபான்மை ஆக்கியது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற அதே விதி கடையைக் காத்தது, ஆலையைக் கவிழ்த்தது. இதற்குப் பிறகு அண்டை நகரான ஓல்டாமில் தொழிலாளர்களின் சேமிப்பில் எழுந்த பங்கு நிறுவன ஆலைகள் கூட்டுறவு என்ற பாவனையைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. கடைகள் மட்டும் தம் வழியில் போய்ப் பெருகின. 1863 இல் அவை சேர்ந்து மான்செஸ்டரில் மொத்தக் கொள்முதல் சங்கம் தொடங்கின. அதன் முதல் தலைவர் ராச்டேலின் ஆபிரகாம் கிரீன்வுட்.

இதே ஊரின் இன்னொரு மகனையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 1811 இல் இங்கே பிறந்த ஜான் பிரைட், பஞ்சாலை அதிபர், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர், நாடாளுமன்றத்தில் பெரும் பேச்சாளர். ஏழையின் ரொட்டி விலையை ஏற்றிய தானியச் சட்டங்களை எதிர்த்து அரசியல்வாதி ரிச்சர்டு காப்டனோடு சேர்ந்து நாட்டையே திரட்டியவர். 1846 இல் அந்தச் சட்டங்கள் ஒழிந்தன. அடுத்த ஆண்டு, பெண்களுக்கும் இளையவர்களுக்கும் ஆலை வேலையைப் பத்து மணி நேரத்துக்குள் நிறுத்தும் சட்டம் வந்தபோது அதை மூர்க்கமாக எதிர்த்தவரும் இவரே. இதில் அவருக்கு முரண்பாடு தெரியவில்லை. சந்தையில் யாரும் தலையிடக் கூடாது என்பது அவர் நம்பிக்கை. ரொட்டிக்கும் அதுதான், ஆலைக்கும் அதுதான். வாங்குபவராகத் தொழிலாளியின் பக்கம் நின்றவர், உழைப்பவராக அதே தொழிலாளி வந்தபோது எதிரே நின்றார்.

1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்களின் துறைமுகங்கள் முற்றுகைக்குள்ளாயின. அடிமைகள் பறித்த பருத்தியில் ஓடிக்கொண்டிருந்த லங்காஷயர் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மாற்றாக வந்தது இந்தியப் பருத்தி. சூரத் என்று பொதுப்பெயர். இழை குட்டை, குப்பை அதிகம், நூல் அடிக்கடி அறுந்தது. நெய்த துணிக்கு அளவு பார்த்துக் கூலி என்பதால், அறுந்த நூலை முடிபோடும் ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளியின் நட்டம். நாள் முழுதும் நின்றும் பழைய கூலியில் பாதிகூடத் தேறாத நெசவாளர்கள் சூரத் என்ற பெயரையே வசையாக்கினார்கள். பிரைட் 1848 இலேயே இந்தியாவில் பருத்தி விளைச்சலைப் பெருக்குவது பற்றி ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்தால் ஒரு நாள் இப்படி ஆகும் என்ற அச்சம் புதிதல்ல.

அடிமை முறையை எதிர்த்த வடக்கு மாநிலங்களின் பக்கம் பிரைட்டும், அப்போது ராச்டேலின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காப்டனும் உறுதியாக நின்றார்கள். ஊரின் தொழிலாளர்களில் பெரும் பகுதியும் அவ்வாறே. பட்டினியை ஏற்று அடிமைகளுக்காக நின்ற லங்காஷயர் என்ற சித்திரம் கொஞ்சம் மெருகேற்றப்பட்டதுதான், எல்லா ஊர்களும் அப்படி இல்லை. ராச்டேலைப் பொறுத்தவரை அது பொருந்தும். 1863 இல் நியூயார்க்கிலிருந்து ஜார்ஜ் கிரிஸ்வோல்டு என்ற கப்பல் லங்காஷயருக்கு நிவாரணமாக மாவுப் பீப்பாய்களோடு வந்தது. அதில் ஒரு பீப்பாய் இன்னும் ராச்டேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூட்டுறவுக் கடையும் அந்த ஆண்டுகளைத் தாண்டியது. சேர்த்து வைத்திருந்த பங்குப் பணத்தை உறுப்பினர்கள் எடுத்து உண்டார்கள்.

பருத்திப் பஞ்சம் தீர்ந்ததும் ஊர் மறுபடி செழித்தது. செழிப்புக்கு அடையாளமாக 1871 இல் கோதிக் பாணியில் ஒரு நகர மண்டபம் எழுந்தது. 20,000 பவுண்டில் முடிக்க நினைத்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய கட்டடம். அதன் கோபுரம் 1883 இல் எரிந்து விழ, வேறொன்று கட்டினார்கள். அதே காலத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலும் கழித்தார்கள். 1898 இல் ராச்டேலில் பிறந்து பின்னாளில் நாடறிந்த பாடகியான கிரேசி ஃபீல்ட்ஸும் அந்த அரைநாள் பிள்ளைகளில் ஒருவர். அந்த முறை முதல் உலகப் போருக்குப் பிறகுதான் ஒழிந்தது.

ராச்டேல் உலகுக்குத் தந்த மற்றொன்றைப் பற்றிக் கூட்டுறவுப் பாடநூல்கள் பேசுவதில்லை. பருத்தியில் தொழில் தொடங்கிய டர்னர் சகோதரர்கள், ஸ்பாடன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1879 முதல் கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, எந்திரத்தில் துணியாக நெய்தார்கள். நூற்கவும் நெய்யவும் தெரிந்த ஊருக்கு அது கடினமான மாற்றமல்ல. பஞ்சு போன இடத்தில் கல்லின் இழை. தீப்பிடிக்காத துணி, கொதிகலன் உறை என்று உலகமெங்கும் தேவை இருந்தது. 1891 இல் பிறந்த நெல்லி கெர்ஷா பன்னிரண்டு வயதில் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனவர். சில மாதங்களில் கல்நார் ஆலைக்கு மாறினார், 1917 முதல் டர்னர் ஆலையில் நூற்றார். 1922 இல் வேலைக்குத் தகுதியற்றவர் என்று மருத்துவர் சான்று தந்தார். காரணம் கல்நார் நச்சு என்று எழுதினார்.

அந்தச் சான்றே அவருக்கு வினையானது. நோய் வேலையால் வந்தது என்பதால் காப்பீட்டில் நோய்ப்படி கிடையாது, முதலாளியிடம் கேள் என்றார்கள். முதலாளியோ, கல்நார் நச்சு என்று ஒரு நோயே சட்டத்தின் பட்டியலில் இல்லை என்று கைவிரித்தார்கள். 1924 மார்ச்சில் 33 வயதில் நெல்லி இறந்தார். அடக்கச் செலவுக்குக்கூட நிறுவனம் பணம் தரவில்லை, முன்னுதாரணம் ஆகிவிடுமாம். பெயர்க்கல் இல்லாத குழியில் புதைத்தார்கள். அவர் நுரையீரலைச் சோதித்த மருத்துவர் வில்லியம் குக் அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைதான், கல்நார்த் தூசியால் நேர்ந்த சாவை மருத்துவ உலகம் பதிவு செய்த தொடக்கங்களில் ஒன்று. நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற பெயர் 1927 இல் நிலைத்தது. தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1931 இல் வந்தன. அதே 1931 இல்தான் டோட் லேன் கடை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

மாவில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க இந்த ஊர் தொழிலாளர்கள் 1844 இலேயே ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆலைக் காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு அமையவில்லை. 1862 வாக்கெடுப்போடு அதற்கான ஒரு வழி அடைபட்டது என்பது என் கருத்து. தொழிற்சங்கம் இருந்தது, கூலிக்காகப் பேசியது. தூசியால் வந்த நோய்க்கு இழப்பீடு கேட்கவோ, அது முதலில் சட்டத்தின் பட்டியலில் ஏற வேண்டியிருந்தது.

1920களிலிருந்து பருத்தி வாணிகம் சரிந்தது. ஜப்பானும் இந்தியாவும் தம் துணியைத் தாமே நெய்தன. இரண்டாம் போருக்குப் பின் இருக்கும் எந்திரங்களை இரவு பகலாக ஓட்டி ஈடுகட்டப் பார்த்தார்கள் முதலாளிகள். இரவு முறைக்கு உள்ளூரில் ஆள் வரவில்லை. 1950களிலும் 60களிலும் பாகிஸ்தானிலிருந்தும், குறிப்பாகக் காஷ்மீரின் மீர்பூர் பகுதியிலிருந்தும், ஆண்கள் வந்து அந்த வேலையை ஏற்றார்கள். 1959 இல் அரசே பணம் கொடுத்துப் பழைய தறிகளையும் நூற்கும் எந்திரங்களையும் உடைக்கச் சொன்னது. மிஞ்சிய ஆலைகளும் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் மூடின. வந்தவர்கள் ஊரிலேயே தங்கினார்கள். டாக்சி ஓட்டினார்கள், மளிகைக் கடை வைத்தார்கள். பாகிஸ்தானின் சாகிவால் இப்போது ராச்டேலின் சகோதர நகரங்களில் ஒன்று.